கரையாத சாயம்: வீட்டிலேயே துணிக்கு அச்சிடுவோம்

முதல் தோய்ப்பிலேயே நிறம் கரைந்தோடும் துணியை வாங்கிய எவரும் அதை விற்றவரிடம் மறுபடி வருவதில்லை. தெரிந்தவர் என்றால் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த தடவை பேசாமல் கடையில் வாங்கிக்கொள்வார். வடக்கிலும் கிழக்கிலும் எமது பெண்கள் பலர் துணிக்கு நிறம் தீட்டும் பயிற்சிகளைப் பெற்றிருக்கிறார்கள். சான்றிதழும் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் அதைத் தொழிலாகத் தொடர்கின்றவர்கள் குறைவு. பயிற்சியில் கொடுத்த பெயின்ற் போத்தல் முடிந்ததும் அடுத்த போத்தலை எங்கே, என்ன விலைக்கு வாங்குவது என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அச்சிட்ட துணி தோய்த்தாலும் நிறம் போகாமல் நிற்க என்ன செய்யவேண்டும் என்பதும் பயிற்சியின் கடைசி நாளில், வாகனம் வந்து நிற்கும்போது, அவசரமாகச் சொல்லப்படுகின்ற விடயமாகிவிடுகிறது.

இக்கட்டுரை அந்தக் கடைசி நாள் பாடத்தையே விரிவாகச் சொல்ல முயல்கிறது. சாயத்தைப் பசையாகத் தடிப்பாக்கி, வலைத்துணிச் சட்டம் ஒன்றினூடாக இழுத்து, வீட்டில் கிடைக்கும் பொருட்களால் நிறம் படாத இடங்களை மறைத்து அச்சிடுகின்ற முறை இது.

பெயின்ற் வேறு, சாயம் வேறு

கடையில் துணிக்கென விற்கும் பெயின்ற் நூலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு படை. நல்ல பெயின்றை அயன் பண்ணிச் சூடேற்றினால் அதுவும் நிற்கும்தான். ஆனால் துணி தடித்துப் போகும், தொட்டால் தெரியும். சாயம் அப்படியல்ல. நூலுக்குள்ளே புகுந்து பருத்தியோடு இரசாயன ரீதியாகப் பிணைந்துவிடும். துணி முன்னைப்போலவே மென்மையாக இருக்கும்.

துணிக்குச் சாயமேற்றுவது எமது மண்ணுக்குப் புதிதல்ல. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலிலே வளர்ந்த சாயவேரைக் கிண்டியெடுத்துத்தான் அக்காலத்தில் துணிக்குச் சிவப்பேற்றினார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் அந்த வேர் அரசாங்கத்தின் வருமானப் பொருளாகவே இருந்தது. 1868இல் ஜேர்மனியில் அதே சிவப்பைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்த பின்னர் வேருக்கு மதிப்பில்லாமற் போயிற்று. இன்று நாம் பாவிக்கக்கூடிய, குளிர் தண்ணீரிலேயே பருத்தியில் பிடிக்கும் சாயங்கள் 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தால் சந்தைக்கு வந்தவை. புரோசியன் என்பது அவற்றின் பெயர். அவற்றில் எம்.எக்ஸ். என்ற வகைதான் வீட்டு வேலைக்குப் பொருத்தமானது. பத்திக் தொழில் செய்பவர்களிடம் கேட்டால் இவ்வகைச் சாயம் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். வாங்கும்போது "குளிரில் பிடிக்கிறதா, சூட்டில் பிடிக்கிறதா" என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சூட்டில் பிடிக்கும் வகை என்றால், அச்சிட்ட துணியைக் கடதாசியில் சுற்றி, பிட்டு அவிப்பதுபோல அரைமணி நேரம் ஆவியில் வைக்கவேண்டிவரும். செய்யலாம், ஆனால் விறகுச் செலவு கூடும். அந்தப் பானையைப் பிறகு சமையலுக்கு எடுக்கவும் கூடாது.

துணியும் தண்ணீரும்

இந்தச் சாயம் பருத்தியிலும், ரேயோன், லினன் போன்ற தாவர நாரிலும் பிடிக்கும். பொலியெஸ்ரரில் பிடிக்காது. கலப்புத் துணியில் பாதி பிடித்து வெளிறிப் போகும். வாங்கும் துணி எதுவென்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடதாசிபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கறுத்த மணிபோலக் கட்டியாகும். புதுத் துணியில் ஆலையில் போட்ட கஞ்சிப்பசை இருக்கும். சிறிது சலவைச் சோடாவும் சவர்க்காரமும் போட்டு அவித்து அலசாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

தண்ணீர் விடயத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவர்கள் மிகக் கவனமாக இருக்கவேண்டும். எமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். அந்தச் சுண்ணாம்பு, சாயத்தைத் தடிப்பாக்கும் பசையைக் கட்டிகட்டியாக்கிவிடும், நிறத்தையும் மங்கச் செய்யும். ஆகவே பசை கரைப்பதற்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்துப் பாவியுங்கள். ஒரு போத்தல், இரண்டு போத்தல்தான் தேவைப்படும். மழையில்லாத காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் மேலாக ஊற்றி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கஞ்சி ஏன் உதவாது?

தண்ணீர்போன்ற சாயத்தை வலைத்துணியில் ஊற்றினால் அது துணியில் பரவிக் கோலம் கலைந்துவிடும். அதனால் பசையாக்கவேண்டும். "சோற்றுக் கஞ்சியோ மாக்கஞ்சியோ போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. காரணத்தை விளங்கிக்கொண்டால் பின்னால் பல விடயங்கள் இலகுவாகும். இந்தச் சாயம் பருத்தியோடு எப்படிப் பிணைகிறதோ அப்படியே மாப்பொருளோடும் பிணையும். இரண்டும் ஒரே குடும்பம். கஞ்சியில் சாயத்தைக் கரைத்தால் கஞ்சியே சாயத்தைக் குடித்துவிடும், துணிக்கு மிஞ்சாது. குடித்த கஞ்சியும் துணியில் இறுகிக் கழுவ வராது.

அதனால்தான் சோடியம் அல்ஜினேற் என்ற தூள் பாவிக்கப்படுகிறது. இது கபில நிறக் கடற்பாசிகளில் இருந்து எடுக்கப்படுவது. சாயம் இதனோடு அதிகம் சேராது. வேலை முடிந்ததும் தண்ணீரில் கழுவுப்பட்டுப் போய்விடும். (வடபகுதிக் கரையோரத்தில் பெண்கள் கயிற்றில் கட்டி வளர்க்கும் பாசி வேறினம். அதிலிருந்து வருவது வேறு பசை. ஆகவே அதைக் காயவைத்து அரைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கவேண்டாம்.)

பசை செய்யும் முறை இதுதான். ஒரு லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் 150 கிராம் யூரியாவைக் கரையுங்கள். கரையும்போது பாத்திரம் சில்லென்று குளிரும், பயப்படவேண்டாம், அது அதன் இயல்பு. துணியால் வடித்துக்கொள்ளுங்கள். பிறகு 25 முதல் 30 கிராம் வரை அல்ஜினேற் தூளைச் சிறிது சிறிதாகத் தூவியபடி கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிபடும். இரவு முழுவதும் மூடி வைத்தால் காலையில் தேன்போல வழுவழுப்பாக இருக்கும். அகப்பையால் அள்ளி ஊற்றினால் அறுபடாமல் விழவேண்டும். சாயம் கலக்காத பசை மூடிய போத்தலில், குளிர்ந்த இடத்தில், சில வாரம் கெடாமல் இருக்கும். கெட்டால் நீர்த்துப்போய் மணமும் மாறும்.

யூரியா ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சாயம் நூலுக்குள் போய் வேலை செய்ய ஈரம் தேவை. பசளைக் கடையில் விற்கும் யூரியாவே போதும். இதை எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியாவும் சவர்க்காரமும் மெழுகுதிரியும் எமக்கு எட்டாத பொருட்களாக இருந்தன. பனங்களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்து, காயப்போட்ட உடுப்பை மாடு சப்பாமல் காவலிருந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். பிறகு 2021இல் இரசாயனப் பசளைக்கு இறக்குமதித் தடை வந்து அதே யூரியாவைத் தேடி அலைந்தோம். கிடைக்கும் காலத்தில் ஒரு கிலோவை ஈரம் படாத பேணியில் வைத்துக்கொள்வது புத்தி.

சாயத்தூளைக் கலக்கும்போது

250 மில்லிலீற்றர் பசைக்கு, மெல்லிய நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி சாயத்தூள், நடுத்தர நிறத்துக்கு இரண்டு, கடும் நிறத்துக்கு நான்கு. தூளை முதலில் மிகச் சிறிது தண்ணீரில் குழைத்துப் பிறகு பசையில் சேர்த்தால் புள்ளிபுள்ளியாக நிற்காது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றை வாங்கினால் மற்ற நிறங்களை நீங்களே கலந்துகொள்ளலாம். ஆரம்பத்தில் பத்து நிறம் வாங்குவது காசை முடக்குவது.

இந்தத் தூள் மூக்குக்குள் போகக்கூடாது. ஒரு நாள் சுவாசித்தால் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பச் சுவாசித்தால் சிலருக்கு ஒவ்வாமையும் தொய்வு வருத்தமும் ஏற்படும். ஏற்பட்டபின் அந்தச் சாயத்துக்குப் பக்கத்திலேயே போகமுடியாது. ஆகவே தூளை அளக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கீழே ஈரக் கடதாசி விரித்துக்கொண்டால் சிந்தும் தூள் பறக்காது. ஏற்கனவே இழுப்பு உள்ளவர்களும் நெஞ்சில் காயப்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் தூளைக் கலக்கும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. பசையோடு சேர்ந்தபின் அது பறக்காது. கையுறை கட்டாயம். குசினிப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், இதற்கு எடுத்ததைக் குசினிக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். பழைய பால்மாப் பேணிகளும் ஐஸ்கிறீம் கோப்பைகளும் போதும்.

சாயம் பருத்தியைப் பிடிப்பதற்குச் சலவைச் சோடா வேண்டும். இதைப் பசையிலேயே கலக்கும் முறையும் உண்டு. ஆனால் கலந்த சில மணி நேரத்துக்குள் பசையின் சக்தி போய்விடும், மிஞ்சியதைக் கொட்டவேண்டும். எம்மைப் போன்றவர்களுக்கு மற்ற முறைதான் சரி. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் சோடாத்தூள் கரைத்து, துணியை அதில் கால்மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் கொடியில் காயப்போடுங்கள். அயன் பண்ணவேண்டாம். தூளாக இல்லாமல் பளிங்குபோன்ற கட்டிச் சோடா கிடைத்தால், அதில் தண்ணீரின் பாரம் சேர்ந்திருப்பதால், 60 கிராமுக்குப் பதில் 160 கிராம் போடவேண்டும். பலருக்கு நிறம் நிற்காமற்போவது இந்தக் கணக்கில்தான்.

இப்படிச் செய்தால் சாயப்பசை இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். காய்ந்த துணியும் சில நாள் காத்திருக்கும். இடையில் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவோ பிரதேச செயலகத்தில் ஒரு நாள் முழுக்க இருக்கவோ நேர்ந்தால் வேலை கெடாது. தனியாகக் குடும்பம் நடத்துகின்ற பெண்ணுக்கு இது சின்ன விடயமல்ல.

சட்டம் செய்தல்

உள்ளளவு 30 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட மரச்சட்டம் ஒன்று ஆரம்பத்துக்குப் போதும். மரத்துக்கு வார்னிஷ் பூசினால் தண்ணீரில் வளையாது. வலைத்துணியாக, மெல்லிய பொலியெஸ்ரர் திரைச்சீலைத் துணியோ ஓர்கன்சாத் துணியோ எடுங்கள். பொலியெஸ்ரரில் இந்தச் சாயம் பிடிக்காது என்று மேலே சொன்னது இங்கே நன்மையாகிறது. துணியை நனைத்து, நடுவிலிருந்து மூலைக்கு இழுத்து இழுத்து ஆணி அடியுங்கள். தட்டினால் மேளம்போல விறைப்பாக இருக்கவேண்டும். தொய்ந்த வலை அச்சைக் கலங்கடிக்கும். உள்ளோரம் முழுவதும் மூன்று விரல் அகலத்துக்குப் பொதி ஒட்டும் ரேப் ஒட்டிவிட்டால் பசை ஓரத்தால் கசியாது. பசையை இழுக்க, தேய்ந்த வாகன வைப்பரின் றப்பரை ஒரு மரச்சலாகையில் பொருத்திக்கொள்ளலாம்.

சட்டத்தை வெறுமனே துணிமேல் வைத்து அச்சிட ஒருவர் பிடிக்க, ஒருவர் இழுக்கவேண்டும். இரண்டு பிணைச்சலால் சட்டத்தின் ஒரு பக்கத்தைப் பலகையோடு பொருத்திவிட்டால் அது கதவுபோலத் திறந்து மூடும். திறந்து வைத்திருக்க ஒரு தடியை முட்டுக்கொடுங்கள். துணியை வைக்கவேண்டிய இடத்தைப் பலகையில் ரேப்பால் குறித்துவிட்டால் ஒவ்வொரு துணியும் அதே இடத்தில் படியும். ஒரு கை இழந்த சகோதரியும் இப்படி யாருடைய உதவியுமின்றி அச்சிடலாம். சட்டத்தைக் கீழே விட்டு, அதே கையால் இழுத்து, அதே கையால் தூக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, முழங்கால் உள்ளே போகும் உயரத்தில் மேசை இருந்தால் போதும். பலகையின் மேல் பழைய போர்வையை மடித்து விரித்து அதன்மேல் ஒரு சீலைத் துண்டைப் போடுங்கள். அடி மெத்தென்று இருந்தால்தான் அச்சு நிறைவாக விழும்.

மறைப்பது எப்படி?

மிக எளிதானது கடதாசி. வேண்டிய வடிவத்தைக் கடதாசியில் வெட்டி, துணியின்மேல் வைத்து, சட்டத்தை இறக்கிப் பசையை ஒருதரம் இழுத்தால் கடதாசி தானாகவே வலையில் ஒட்டிக்கொள்ளும். பத்து அச்சு வரை தாங்கும், பிறகு ஊறிக் கிழியும். பத்திரிகைக் கடதாசியை விட அப்பியாசக் கொப்பித் தாள் நல்லது. ரேப்பைத் துணியிலேயே நேராக ஒட்டி அச்சிட்டால் கோடும் கட்டமும் கிடைக்கும். மெழுகுதிரியை வலையில் அழுத்தித் தேய்த்து வரைந்தால் அந்த இடத்தால் சாயம் இறங்காது. கை ஓட்டம் அப்படியே தெரிவதால் கோலம்போடத் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்கும்.

இலையும் ஒரு மறைப்புத்தான். வேப்பங்கொத்து, பப்பாசி இலை, குருத்தோலையில் வெட்டிய கீற்று ஆகியவற்றைக் கடதாசிக்கு நடுவில் வைத்து ஒரு இரவு தட்டையாக்கி, துணியின்மேல் அடுக்கி, சட்டத்தை இறக்கி இழுங்கள். இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். நரம்புள்ள பக்கத்தில் ஒட்டியிருக்கும் சாயத்தோடு அதே இலையைத் திருப்பி வேறொரு துணியில் அழுத்தினால் அதுவும் ஒரு அச்சு. கரையோரத்தில் இருப்பவர்களிடம் அறுந்த வலைத்துண்டு இல்லாமலிருக்காது. அதைச் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவில் விரித்து இழுத்துப் பாருங்கள். காசு கொடுத்தும் கிடைக்காத கோலம் வரும்.

இனி மாவுக்கு வருவோம். சாயப்பசைக்குக் கஞ்சி உதவாது என்றோம். அதே காரணத்தால் மறைப்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. மாவின்மேல் விழுந்த சாயத்தை மாவே குடித்துவிடுமல்லவா? நைஜீரியாவின் அபேயோகுட்டா, இபாடான் நகரங்களில் யொரூபா இனப் பெண்கள் மரவள்ளி மாவைக் களியாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் கோலம் வரைந்து, அவுரி நீலத்தில் தோய்த்து எடுப்பார்கள். அடிரே எலேக்கோ என்பது அதன் பெயர். தாயிடமிருந்து மகள் படித்து, சந்தையில் விற்று, குடும்பத்தை நடத்திய தொழில் அது. எம்மிடமும் மரவள்ளி உண்டு.

கோதுமை மா என்றால் காய்ச்சவும் தேவையில்லை. மாவும் தண்ணீரும் சம அளவு எடுத்துக் கட்டியில்லாமல் கரைத்து, மூடியில் துளையிட்ட போத்தலால் சோடாவில் ஊறிக் காய்ந்த துணியில் வரையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். துணி சுருளாமலிருக்க ஓரங்களில் ஊசி குத்துங்கள். காய்ந்தபின் துணியைக் கையால் நொறுக்கினால் மா வெடிக்கும். அதன்மேல் சாயப்பசையை இழுக்கும்போது வெடிப்புகளுக்குள் சாயம் இறங்கி இலை நரம்புபோல மெல்லிய கோடுகள் வரும். ஒரு துணியைப்போல இன்னொன்று வராது.

2009இல் முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்ற கைகள் மாவைத் துணியில் பூசக் கூசும். அது நியாயமானதே. வண்டு விழுந்த, பழுதான, குசினிக்கு உதவாத மாவே இதற்குப் போதும். அதற்கும் மனம் வராதவர்கள் இலையோடும் வலையோடும் நிற்கலாம். எந்தக் குறையுமில்லை.

பத்திக்கில் பாவிக்கும் கொதி மெழுகைப் பற்றி இங்கே எழுதவில்லை. கொதி மெழுகும் சின்னப் பிள்ளைகளும் ஒற்றை அறை வீடும் ஒத்துவராது.

ஒரு நாள் பொறுத்திருங்கள்

அச்சிட்டதும் தோய்த்துப் பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். பசை சற்று உலர்ந்து ஒட்டாத நிலைக்கு வந்ததும், இன்னும் ஈரப்பதம் இருக்கும்போதே, மேலும் கீழும் பொலித்தீன் விரித்துத் துணியைச் சுருட்டி, 24 மணி நேரம் வையுங்கள். வெயில் படாத, ஆனால் வெதுவெதுப்பான இடம் வேண்டும். எமது காலநிலை இதற்கு மிகவும் உகந்தது. குளிர் நாடுகளில் இதற்காகச் சூடேற்றவேண்டியிருக்கும். முற்றாகக் காய்ந்துவிட்டால் சாயம் பிடிப்பது அங்கேயே நின்றுவிடும்.

தோய்க்கும் முறையும் முக்கியம். முதலில் நிறையக் குளிர் தண்ணீர். மா இருந்தால் ஊறவைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் சுரண்டி எடுங்கள். கையில் வழுவழுப்புத் தட்டாதவரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட்டால், பிடிக்காமல் மிஞ்சிய சாயம் வெள்ளை இடங்களில் ஏறிவிடும். வழுவழுப்புப் போனபின்தான் கொதிக்கும் தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும். பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி குளிர் தண்ணீரில் அலசுங்கள். முதலில் வரும் நிறத்தண்ணீரைக் கண்டு கலங்கவேண்டாம், எல்லாச் சாயமும் நூலைப் பிடிப்பதில்லை. கடைசித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காய்ந்த துணியின்மேல் நனைத்த வெள்ளைத் துண்டை வைத்துச் சூடாக அயன் பண்ணுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் இன்னொருதரம் கொதிநீரில் போடவேண்டும். ஒட்டாத துணியை மட்டுமே விற்பனைக்கு மடித்து வையுங்கள்.

சாயத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றவேண்டாம். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் அது நேரே கிணற்றுக்குள் போகும். மிஞ்சிய பசையில் சோடா போட்டு ஒரு நாள் வைத்தால் சாயம் செயலற்றுப் போகும். பிறகு கிணற்றுக்கும் கறித்தோட்டத்துக்கும் தூரமான இடத்தில் ஊற்றுங்கள்.

காசுக் கணக்கு

இந்த வேலைக்குக் கடன் எடுக்காதீர்கள். நுண்கடன் கிழமைக் கட்டுப்பணத்தால் எத்தனை வீடுகளில் அமைதி போனது என்பதை நாம் அறிவோம். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கவேண்டிய நிலை வந்தது. துணி அச்சு கிழமைக்குக் கிழமை காசு தரும் தொழிலல்ல. ஒரு மாதம் விற்கும், மறுமாதம் விற்காது. கிழமைக் கட்டுப்பணத்தோடு அது பொருந்தாது. நாலைந்து பேர் சேர்ந்து மூன்று நிறச் சாயமும் ஒரு பைக்கற் அல்ஜினேற்றும் வாங்கிப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு வரும் செலவு சீட்டுக்காசில் அடங்கும். மாதர் சங்கத்தில் ஒரே ஒரு சட்டம் இருந்தாலும் முறை வைத்துப் பாவிக்கலாம்.

சேலையில் ஆரம்பிக்கவேண்டாம். ஆறு யார் துணியில் ஒரு இடம் பழுதானாலும் முழுவதும் நட்டம். தலையணை உறை, மேசை விரிப்பு, துணிப்பை ஆகியவை நல்ல ஆரம்பம். 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் பைகளுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்த பின் துணிப்பைக்குக் கேள்வி உண்டு. தையல்காரரிடம் மிஞ்சும் வெட்டுத் துணிகளில் பழகுங்கள்.

விலை போடும்போது பலர் துணியின் விலையையும் சாயத்தின் விலையையும் மட்டும் கூட்டுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு தலையணை உறைக்குத் துணி, சாயம், சோடா, விறகு, பஸ் காசு எல்லாம் சேர்த்து 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பத்து உறை செய்தால் செலவு 3,000 ரூபா. இரண்டு பழுதாகும், விற்கக்கூடியது எட்டு. ஆகவே ஒன்றின் செலவு 300 அல்ல, 375 ரூபா. பத்தையும் செய்ய உங்களுக்கு எட்டு மணி நேரம் எடுத்தது, உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 150 ரூபா என்று நீங்களே மதிப்பிட்டால் அது 1,200 ரூபா. எட்டால் பிரித்தால் ஒன்றுக்கு 150. ஆக 525 ரூபாவுக்குக் குறைத்து விற்றால் உங்கள் உழைப்பைச் சும்மா கொடுக்கிறீர்கள். இவை உதாரணக் கணக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்லி விலை குறைக்கக் கேட்பவர்கள் வருவார்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பியை இதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் அச்சிட்ட துணியில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி ஒட்டி, பக்கத்தில் எந்தச் சாயம் எத்தனை கரண்டி, எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரம் சுருட்டி வைத்தது என்று எழுதுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருவர் வந்து "போன தடவை தந்த அதே நீலத்தில் இன்னும் ஆறு வேண்டும்" என்று கேட்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும்.